மறுமொழி: நீர்மூழ்கிகளின் ‘ரீஃபிட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இழையைத் தொடங்கிய அம்மாவின் கேள்விக்கே முதலில் வருகிறேன்.

> நாளிதழ்கள் எல்லாம் பழுதுபார்ப்பு என்றுதான் எழுதுகின்றன. அதையே வைத்துக்கொண்டால் என்ன குறை?

பெருங்குறை அம்மா. பழுதானால்தான் பழுதுபார்ப்பு. ரீஃபிட் அப்படிப்பட்டதன்று. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நீர்மூழ்கியை முன்பே குறித்துவைத்த காலத்தில் பணியிலிருந்து விலக்குகிறார்கள். நீரை வடித்துவிட்ட உலர்துறையில் ஏற்றி உள்ளிருப்பதைக் கழற்றுகிறார்கள். கதவு வழியாக வெளியே வராத பெரிய எந்திரமென்றால் உடற்கூட்டையே அறுத்து எடுத்து, மறுபடி பற்றவைத்து, பற்றவைத்த ஒவ்வொரு கோட்டையும் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். மின்கல அடுக்கு மாறுகிறது, ஒலியால் நீருக்கடியில் துழாவும் சோனார் மாறுகிறது, சில வேளைகளில் ஆயுதமே மாறுகிறது. கடைசியில் கடலில் படிப்படியாக ஆழம் போகவிட்டுச் சோதித்துத்தான் கடற்படையிடம் ஒப்படைக்கிறார்கள். இத்தனைக்கும் சேர்த்து ஒரே பெயர் அது.

நம் ஊரில் இதற்கு நேரான காட்சி உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் விசைப்படகுகளைக் கரையேற்றி, அடிப்பகுதியைச் சுரண்டி, சாயம் பூசி, எந்திரத்தைப் பிரித்துச் சேர்ப்பார்கள். அதைப் பார்த்து யாரும் படகு கெட்டுப்போய்விட்டது என்று சொல்வதில்லை.

ஆனால் நீர்மூழ்கி என்று வந்தவுடன் செய்தி தடம் மாறிவிடுகிறது. 2023 ஜூன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சகம் ஐஎன்எஸ் சங்குஷ் நீர்மூழ்கிக்காக மும்பை மசகான் டாக் நிறுவனத்துடன் 2,725 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. ஜெர்மனியின் கீல் நகரில் கட்டப்பட்டு 1986இல் கடற்படையில் சேர்ந்த கலம் அது. அதன் ஆயுளை நீட்டவும் போர்த்திறனைக் கூட்டவும் போட்ட ஒப்பந்தம் இது. இதைப் ‘பழுதுபார்க்க 2,725 கோடி’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? உடைந்த கப்பலில் பணத்தைக் கொட்டுகிறார்கள் என்றுதான்.

பழுதுபார்ப்பு என்ற சொல்லை ஒதுக்கச் சொல்லவில்லை. அதற்குரிய இடம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ என்ற சரக்குக் கப்பல் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உள்ள எல் அண்ட் டி தளத்துக்கு வந்து, சில நாளில் வேலை முடிந்து போனது. அது பயணத்துக்கு நடுவே நடந்த பழுதுபார்ப்பு. அங்கே அந்தச் சொல் சரி. இரண்டும் ஒன்றாகச் சேர்வதும் உண்டு. ஐஎன்எஸ் சிந்துரக்‌ஷக்கில் 2010 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதே ஆண்டு ரஷ்யாவின் செவரோத்வின்ஸ்க் நகருக்குப் போய் 2013இல் திரும்பியபோது அதில் கிளப் ஏவுகணைகளை ஏவும் திறன் புதிதாகச் சேர்ந்திருந்தது. பழுதுபார்ப்பு என்று மட்டும் எழுதினால் அந்த ஏவுகணை எங்கிருந்து வந்தது என்பதற்கே விடையிருக்காது. (திரும்பிய சில மாதங்களில், ஆகஸ்ட் 14 அன்று, மும்பைத் துறைமுகத்தில் வெடித்து மூழ்கி 18 பேர் இறந்தார்கள் என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.)

> இவ்வளவு யோசிக்க வேண்டுமா? கடற்படையினரே ‘ரீஃபிட்’ என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியே எழுதலாமே.

தம்பி, கப்பல்தளத்தில் பேசுபவருக்கு அது போதும். நாளிதழ் படிப்பவருக்கு அந்தச் சொல்லில் எதுவுமே தெரியாது. தெரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடுவார். தாண்டக்கூடிய விஷயமா இது? ஐஎன்எஸ் சிந்துகீர்த்தி 2006இல் விசாகப்பட்டினத்தில் ஹிந்துஸ்தான் கப்பல்தளத்துக்குள் போய், வெளியே வர 2015 ஆயிற்று. ஒரு நீர்மூழ்கியின் பணிக்காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டு என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்கு அதற்குள்ளேயே போய்விட்டது. காகிதத்தில் எத்தனை நீர்மூழ்கிகள் இருந்தாலும் கடலில் எத்தனை இருக்கின்றன என்பதை முடிவு செய்வது இந்த வேலைதான். 2014 பிப்ரவரியில் ஐஎன்எஸ் சிந்துரத்னா இந்த வேலை முடிந்து கடற்சோதனைக்குப் போனபோது உள்ளே புகை சூழ்ந்து அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். அன்றே கடற்படைத் தலைவர் அட்மிரல் டி.கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஒரு தலைமைத் தளபதி பதவியை விட்டுப் போகும் அளவுக்குக் கனமான செய்தியைத் தமிழில் சொல்லும்போது, அதன் நடுவிலுள்ள சொல் வாசகருக்குப் புரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இனி, முன்வைக்கப்பட்ட சொற்கள்.

‘மறுசீரமைப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்போது அந்தச் சொல்லைக் கேட்டவுடன் தொகுதி மறுசீரமைப்புதான் நினைவுக்கு வருகிறது. கடன் மறுசீரமைப்பு, நிர்வாக மறுசீரமைப்பு என்று வேறு சுமைகளும் உண்டு. இன்னொன்றையும் அதன் தலையில் ஏற்ற வேண்டாம். ‘புதுப்பிப்பு’ உரிமத்துக்கும் சந்தாவுக்கும் போய்விட்டது.

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன ‘மறுபூட்டு’ என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பொருளால் மிகப் பொருத்தம். அங்கே மின்விசிறி பூட்டுவார்கள், எந்திரம் பூட்டுவார்கள். இங்கேயும் ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். ஆயினும் தமிழ்நாட்டு வாசகருக்குப் பெயர்ச்சொல்லாகப் ‘பூட்டு’ என்றால் கதவில் தொங்குவதுதான். ‘நீர்மூழ்கிக்கு மறுபூட்டு’ என்று தலைப்பிட்டால் மூடி முத்திரை வைத்துவிட்டார்கள் என்று படிப்பவர்கள் இருப்பார்கள். மனமின்றியே இதை விடுகிறேன், ஐயா.

என் பரிந்துரை: செப்பம். தெளிவு வேண்டிய இடத்தில் கலச்செப்பம்.

செப்பனிடுதல் நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் வினை. சாலைக்கும் படகுக்கும் வலைக்கும் சொல்கிறோம். கெட்டதைச் சரிசெய்வது மட்டுமல்லாமல், ஒன்றை இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவருவது என்ற பொருளும் அதில் உண்டு. பழைய நூல்களில் செப்பம் நேர்மையையும் நடுவுநிலையையும் குறிக்கிறது. பதிப்புத் துறையில் கைப்படியைச் செப்பம் செய்கிறோம். எதுவும் முரண்படவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது, இச்சொல் மற்ற சொற்களோடு எளிதாகச் சேர்கிறது என்பது. ரீஃபிட்டில் சிறிது, நடுத்தரம் என்று படிகள் உண்டு. குறுஞ்செப்பம், நடுச்செப்பம், பெருஞ்செப்பம் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை. வாக்கியத்திலும் வைத்துப் பார்த்தேன்:

“சங்குஷ் நடுச்செப்பத்தில் இருக்கிறது.”
“செப்பம் முடிந்து கடற்சோதனைக்குப் புறப்பட்டது.”
“சிந்துகீர்த்தியின் செப்பம் ஒன்பது ஆண்டு இழுத்தது.”

மூன்றாவதை ‘பழுதுபார்ப்பு’ வைத்து எழுதிப் பாருங்கள். குற்றம் கப்பலின் மேல் விழும்; தளத்தின் தாமதம் மறைந்துபோகும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சொல்லும் பிரிந்து நிற்க வேண்டும்: ரெட்ரோஃபிட். கட்டும்போது இல்லாத கருவியைப் பிறகு சேர்ப்பது அது. இதற்குப் ‘பின்பொருத்தம்’ போதும். கல்வரி வகை நீர்மூழ்கிகள் நல்ல எடுத்துக்காட்டு. ஆறும் 2017 முதல் 2025க்குள் கடற்படையில் சேர்ந்துவிட்டன; எதிலும் காற்றுச் சார்பற்ற உந்துவிசை இல்லை. அதனால் மின்கலத்தை நிரப்ப அவ்வப்போது மேலே வந்து, குழாயை நீட்டிக் காற்றிழுத்து டீசல் எந்திரத்தை ஓட்ட வேண்டும். எதிரியின் ரேடாருக்கு அகப்படும் நேரம் அதுதான். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு அம்பர்நாத்தில் உள்ள கடற்படைப் பொருளறிவியல் ஆய்வகம் உருவாக்கிய எரிபொருள் கல அமைப்பு, ஹைட்ரஜனை நீர்மூழ்கிக்குள்ளேயே உண்டாக்கி மின்சாரம் தருவது. அதை ஏற்றும் உடற்பகுதியைக் கட்டி இணைக்க 2024 டிசம்பர் 30 அன்று மசகான் டாக்குடன் 1,990 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நீர்மூழ்கியைக் குறுக்கே வெட்டி நடுவில் சேர்க்கும் அந்தப் பகுதிக்கு ஒரு நண்பர் ‘இடைச்செருகல்’ என்றார். சுவடி படிப்பவர்கள் அதைக் குறையாகவே கேட்டுப் பழகியவர்கள். ‘இடைக்கூறு’ என்று வைத்துக்கொள்வோம்.

தளத்தின் பெயரிலும் குழப்பம் இருக்கிறது. மசகான் டாக்கின் முதன்மை வேலை கட்டுவது, சங்குஷ் போன்ற செப்பங்களையும் ஏற்கிறது என்றாலும். மும்பைக் கடற்படை டாக்யார்டின் வேலை பேணுவது. இரண்டையும் ‘கப்பல் கட்டும் தளம்’ என்றே எழுதுகிறோம். பழைய பம்பாய்த் தளத்தில் ஒரு காலத்தில் கப்பல் கட்டியதும் உண்மைதான். திருகோணமலையின் பெயர் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் 1817இல் அங்கே தேக்கில் கட்டப்பட்டு, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. ஆனால் 2019இல் கடற்படை டாக்யார்டில் திறந்த 281 மீட்டர் நீள உலர்துறை, பெரும் போர்க்கப்பல்களைச் செப்பத்துக்கு ஏற்றுவதற்கானது. எனவே கட்டுமிடம் ‘கப்பல்தளம்’, பேணுமிடம் ‘செப்பத்துறை’ என்று பிரித்தால் என்ன?

எனக்கு விடை கிடைக்காத ஒன்றும் இருக்கிறது. சங்குஷ் ஒப்பந்தத்தின் பெயரிலேயே ‘லைஃப் சர்டிஃபிகேஷன்’ வருகிறது; கலம் இன்னும் சில காலம் பணியாற்றத் தக்கது என்று சான்றளிப்பது அது. ‘ஆயுள் சான்று’ என்றால் ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கொடுக்கும் சான்றிதழோடு மோதுகிறது. ‘பணிநீட்டிப்புச் சான்று’ என்றால் அரசு ஊழியருக்குப் போய்விடுகிறது. ‘கடல்தகுதிச் சான்று’ வேறொன்றைக் குறிக்கப் பயன்படுகிறது. ‘கல ஆயுள் உறுதி’ வரை வந்து நிற்கிறேன். ‘உறுதி’ என்பது வாக்குறுதியாகத் தொனிக்கிறதே என்ற தயக்கம் போகவில்லை. பொறியியல் தெரிந்தவர்கள் இதை மட்டுமாவது எடுத்துப் பேசுங்கள். செப்பத்துக்கு மறுப்பிருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.