பள்ளிக் கலையரங்கம்: கூரை போட்டாச்சு, ஆண்டு விழாவுக்குத் திறந்துவிடலாமா?

மூன்றாம்வரிசை:
என் மகள் படிக்கும் பள்ளியில் புதுக் கலையரங்கம் கட்டுகிறார்கள், 400 இருக்கை. போன வாரம் பெற்றோரை உள்ளே அழைத்துக் காட்டினார்கள். சுவர் எழும்பிவிட்டது, கூரையைத் தாங்கும் சட்டமான ட்ரஸ் ஏற்றி ஷீட் போட்டாயிற்று, மேடைக் கான்கிரீட்டின் மேல் ஈரச் சாக்கு கிடக்கிறது. பூச்சு, வயரிங், ஏசி, எதிரொலி வராமல் சுவரில் ஒட்டும் பலகை, மேடை விளக்கு, இருக்கை எல்லாம் பாக்கி, அத்தனைக்கும் பணம் போதாது. அதனால் கட்டடக் குழு, பூசி வெள்ளையடித்து இருக்கையைப் போட்டு மூன்று மாதத்தில் திறந்துவிடலாம், பலகையும் மேடை விளக்கும் அடுத்த வருடம் என்கிறது. நான் சரி என்பேன். பிள்ளைகள் இத்தனை வருடம் சாப்பாட்டுக் கூடத்தில் மேசையை நகர்த்திவிட்டு நாடகம் போட்டது போதும்.

மேடைக்கிறுக்கு:
வேண்டவே வேண்டாம். உள்ளே போனபோது ஒரு கைதட்டு தட்டிப் பார்த்தீர்களா? வெறும் சுவரும் ஷீட் கூரையும் இருக்கிற கூடத்தில் ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் ஏறிவிடும். பேச்சு புரிய வேண்டுமென்றால் ஒலி ஒரு நொடிக்குள், கொஞ்சம் முன்னே பின்னே, அடங்கியாக வேண்டும். 1895ல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் ஐந்தரை நொடி வரை முழங்கிக்கொண்டிருந்தது, பேராசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து ராத்திரியில் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து பரப்பி, ஸ்டாப்வாட்ச்சை வைத்து அளந்து அளந்துதான் ஒலியை உறிஞ்ச அங்கே போதுமான பொருள் இல்லாததே காரணம் என்று கண்டுபிடித்தார். நீங்கள் அதே தப்பைக் காசு கொடுத்துக் கட்டப் போகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
400 பேர் உட்கார்ந்தால் அவர்கள் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சும், இதையும் சபைன்தான் அளந்து சொன்னார், அதை விட்டுவிட்டீர்களே! மைக் வேறு இருக்கிறது. பாதிக் கட்டடத்தைப் பூட்டி வைத்தால் நன்கொடை வராது சார். உள்ளே வந்து உட்கார்ந்து பார்த்தவன்தான் பணம் கொடுப்பான். பல பள்ளிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மேடைக்கிறுக்கு:
ஆள் நிறைந்தால் குறையும், உண்மைதான். ஆனால் ஒத்திகை நடப்பதெல்லாம் காலி அரங்கில்தானே? மைக்கைப் பிடித்தால் பேச்சோடு முழக்கமும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான்.

கம்பிக்காரன்:
இரண்டு பேரும் தப்பான இடத்தில் சண்டை போடுகிறீர்கள். பலகையை அடுத்த வருடம் ஒட்டினாலும் ஒட்டும், ஆனால் பூசிய சுவருக்குள் வயர் போகிற பைப் போக முடியாது. மேடை விளக்குக்குத் தனி லைன், ஒலிக்கு அதிலிருந்து விலகி இன்னொரு லைன், பின்னாலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து மேடை வரை காலிக் குழாய், எல்லாம் பூச்சுக்கு முன்னால் உள்ளே போயாக வேண்டும். இதை யாரும் போட்டோ எடுத்துப் போட மாட்டார்கள், பார்க்க வேலை நடந்த மாதிரியே இருக்காது. ட்ரஸ்ஸில் மேடை விளக்குகளை மாட்டும் குழாய் தொங்கும், அந்தப் பாரத்தைக் கணக்கில் எடுத்தார்களா என்று கேளுங்கள். ஏசி காற்று வருகிற டக்ட்டும் அப்படித்தான், சிறிதாகப் போட்டால் காற்று சீறும், நாடகத்தில் யாராவது மௌனமாக நின்றால் அந்தச் சீறல் மட்டும் கேட்கும். ஒரு பள்ளியில் திறந்து ஆறு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். புதுச் சுவரை உளியால் வெட்டினேன், திரைச்சீலையெல்லாம் சிமெண்ட் தூசி. தூண் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைத்ததைச் சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையிலேயே சொல்லிவிட்டார்கள், நம் ஆட்கள் இன்னும் டியூப்லைட்டிலேயே நிற்கிறார்கள்.

கடைசிபெஞ்ச்:
கதவைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே? சிகாகோவில் இரோகுவாய் தியேட்டர் என்று ஒன்று, தீயே பிடிக்காது என்று விளம்பரம் செய்து 1903 நவம்பரில் அவசரமாகத் திறந்தார்கள். தீத்தடுப்பு ஏற்பாடுகள் பல முடிந்திருக்கவில்லை. டிசம்பர் 30ஆம் தேதி பகல் காட்சியில் மேடை விளக்கிலிருந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. பல வாசல்கள் பூட்டியோ திறக்க முடியாமலோ இருந்தன. 600 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் நிறைய குழந்தைகள். திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகளின் அம்மாவாகக் கேட்கிறேன், உங்கள் அரங்கில் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

மூன்றாம்வரிசை:
அக்கா, இரண்டு கதவும் உள்பக்கமாகத்தான் திறக்கின்றன. பார்த்தேன், அப்போது தோன்றவில்லை. விளக்கு லைனைப் பற்றி கான்டிராக்டரிடம் கேட்டதற்கு "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மகள் மேடையில் ஏறி ஏதோ வசனம் பேசினாள், நான் கடைசிச் சுவரோரம் நின்றேன். "ஆ… ஓ…" என்று இழுவைதான் வந்தது, ஒரு சொல் பிடிபடவில்லை. நன்றாக இருந்தது என்றேன். என்ன சொன்னேன் சொல்லுங்கள் என்று மடக்கிவிட்டாள்.

கணக்குப்பிள்ளை:
சரி, கதவு விஷயத்தில் எனக்கு மறுபேச்சு இல்லை. குழாயும் பெரிய செலவு இல்லை, இப்போதே போடட்டும். ஆனால் பலகைக்காக ஒரு வருடம் பூட்டி வைப்பதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் பின்சுவருக்கு மட்டும் கனத்த திரைத்துணி தொங்கவிடுங்கள், மேடைக்கு நேர் எதிரே இருக்கிற அதுதான் அதிகம் திருப்பி அடிக்கும்.

மேடைக்கிறுக்கு:
துணியைச் சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி, மடிப்பு மடிப்பாக விட்டால் கொஞ்சம் உதவும். கூரையை என்ன செய்வீர்கள்? மழை பெய்தால் ஷீட் கொட்டு அடிக்குமே. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கம்பிக்காரன்:
அதை மெதுவாகப் பேசலாம். சார், முதலில் பூச்சு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

மூன்றாம்வரிசை:
இப்போதுதான் போன் செய்தேன். பின்சுவரை இன்று காலையிலேயே பூசிவிட்டார்களாம்.

கம்பிக்காரன்:
இன்னும் மூன்று இருக்கிறதே, ஓடுங்கள்.