'கேன்சல்' பொத்தானுக்கு என்ன சொல்?

> 'கேன்சல்' என்று வரும் இடமெல்லாம் 'கைவிடு' என்று வைத்துவிட்டால் என்ன? 'ரத்து' அரபுச் சொல்தானே.

ஐயா, வணக்கம். உங்கள் முன்மொழிவைப் படித்ததும் எனக்கு என் சித்திதான் நினைவுக்கு வந்தார். போன தீபாவளிக்கு எடுத்திருந்த பஸ் டிக்கெட் வேண்டாமென்றாகிவிட, செல்பேசியைத் திறந்திருக்கிறார். தமிழில் இருந்த செயலிதான். 'பயணச்சீட்டை ரத்துசெய்யவா?' என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'ரத்துசெய்', 'சரி'. ரத்துசெய்ய வந்தவர் எதைத் தொடுவார்? 'ரத்துசெய்' என்பதைத் தொட்டார், கட்டம் மூடிக்கொண்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். பஸ் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது: அந்தப் பொத்தான் கேள்வியை மட்டும் மூடுவது, சீட்டை ரத்துசெய்ய 'சரி'யைத் தொட்டிருக்க வேண்டும். பணம் போனதைவிட, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று அவர் சொன்னதுதான் எனக்கு வலித்தது. பிழை அவருடையது இல்லை, மொழிபெயர்ப்பவர்களாகிய நம்முடையது.

அங்கே 'கைவிடு' என்று மாற்றினாலும் இதே குழப்பம்தான். தவிர, கைவிடுதல் என்றால் நம்மை நம்பியிருப்பதை விட்டுவிடுவது. ஒரு கட்டத்தை மூடுவதற்கு அவ்வளவு கனமான சொல் எதற்கு?

'கேன்சல்' என்ற ஆங்கில வினைச்சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் எங்கே இடறுகிறோம் என்று புரியும். லத்தீனில் 'கான்செல்லி' என்றால் குறுக்கும் நெடுக்குமான கம்பி அடைப்பு. எழுதியதன் மேல் அந்த அடைப்பைப் போலக் கோடுகளைப் போட்டுச் செல்லாததாக்குவது 'கான்செல்லாரே'. அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. ரோமானிய நீதிமன்றத்தில் அந்தக் கம்பித் தடுப்பருகே நின்ற ஊழியர் 'கான்செல்லாரியுஸ்'. அவருடைய பதவிப் பெயர் உயர்ந்து உயர்ந்து 'சான்சலர்' ஆயிற்று. நம் பல்கலைக்கழகங்களில் அவரை வேந்தர் என்கிறோம்.

எங்கள் நாகர்கோவில் பக்கம் பழைய வீடுகளில் திண்ணையை மரச்சட்டம் பாய்ச்சி அடைத்திருப்பார்கள். அதற்கு 'அழி' என்றே பெயர். எழுத்தை அழிப்பதும் அழிதான்! முதன்முதலில் இது மனதில் பட்டபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் இது தற்செயல். இதை வைத்து லத்தீனுக்கும் தமிழுக்கும் உறவு கட்டிவிட வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அழிப்பதும் கோடு போடுவதும் ஒன்றல்ல. வங்கிக்கணக்கை உறுதிப்படுத்த 'கேன்சல் செய்த செக்' கேட்பார்கள். காசோலையின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து நடுவில் அந்தச் சொல்லை எழுதித் தருகிறோம். கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் பளிச்சென்று தெரியும், தெரியத்தான் வேண்டும். காசோலை கையில் இருக்கிறது, பணம் எடுக்கும் வலு மட்டும் போய்விட்டது. அதைக் 'கோடிட்ட காசோலை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு, கணக்கில் மட்டுமே வரவு வைக்கவேண்டிய காசோலைக்கு, இருக்கிறது.

ஆக, ரத்தாக வேண்டுமானால் முதலில் ஒன்று நடப்பில் இருக்க வேண்டும். ரயில், கூட்டம், உரிமம், ஒப்பந்தம். இவற்றுக்கு 'ரத்து' இருக்கட்டும். அரபு மூலம் என்பது உண்மைதான், 'ரத்' என்றால் திருப்பிவிடுதல், மறுத்தல். வசூலும் ஜப்தியும் போல அதுவும் நம் நிர்வாகத்தில் ஊறிவிட்டது. ரயில் ரத்து என்றால் புரியாதவர் இல்லை.

பொத்தானில் நிலைமை வேறு. அங்கே இன்னும் எதுவுமே நடக்கவில்லை. 'செய்யட்டுமா?' என்று கருவி கேட்கிறது. அதற்கு வீட்டில் நாம் என்ன பதில் சொல்வோம்? இன்னொரு தோசை வைக்கட்டுமா என்றால் 'வேண்டாம்' என்போம். அந்தச் சொல்லையே வைப்போம் என்கிறேன். 'பயணச்சீட்டை ரத்துசெய்யவா?' கீழே 'ரத்துசெய்', 'வேண்டாம்'. 'கோப்பை அழிக்கவா?' கீழே 'அழி', 'வேண்டாம்'. 'சரி' என்ற பொத்தானே இங்கே தேவைப்படாது.

> 'வேண்டாம்' ஏவல்வினை இல்லையே. சேமி, திற, அழி என்ற வரிசையில் ஒட்டாது.

ஏவல் இல்லைதான். ஆனால் சேமி, திற, அழி எல்லாம் யார் யாரிடம் சொல்வது? பயனர் கருவியிடம் சொல்வது. 'வேண்டாம்' என்பதும் அப்படித்தான். இலக்கண வடிவம் மாறினாலும் பேசுகிறவர் மாறவில்லை. நான்கே எழுத்து என்பதால் குறுகிய பொத்தானிலும் அடங்கும்.

கணக்குப் பாடத்தில் பின்னங்களைக் 'கேன்சல்' செய்வதற்குப் புதிதாக எதுவும் ஆக்கத் தேவையில்லை. 'மேலே ஒரு மூன்று, கீழே ஒரு மூன்று, ரெண்டையும் அடி' என்று ஆசிரியர்கள் கரும்பலகையில் அடித்துக் காட்டுகிறார்களே, கோடு போடுதல் என்ற லத்தீன் பொருளுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது.

காதொலிப்பானில் வெளி இரைச்சலைக் 'கேன்சல்' செய்வதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அங்கே ஓசையை யாரும் எடுத்துவிடுவதில்லை. வரும் அலைக்கு நேரெதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் மோதவிடுகிறார்கள். 'இரைச்சல் நீக்கி' என்றால் அந்த எதிர் அலை பற்றிய குறிப்பே சொல்லில் இல்லாமல் போகிறது, 'தணிப்பு' என்றால் பஞ்சு வைத்து அடைத்தாலும் பொருந்தும். 'எதிரலைத் தணிப்பு' வரை வந்து நிற்கிறேன். இதைவிடச் சுருக்கமாக உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா, ஐயா?