ஏ549 மீடியா ஊற்றினால் எம்ஆர்சி-5 வளர மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

பெட்ரித்தட்டு:
வணக்கம். நுரையீரல் எபிதீலியல் (மேற்பரப்பை மூடும்) செல்களின் சுரப்பு ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத்திசு செல்) வளர்ச்சியை எப்படி மாற்றுகிறது என்பதுதான் என் ஆய்வு. ஏ549 (நுரையீரல் புற்றுநோயிலிருந்து வந்த எபிதீலியல் செல்கள்) தட்டை நிறைத்ததும் புது மீடியா (செல் வளர்க்கும் திரவம்) மாற்றி, 48 மணி நேரம் கழித்து அதை எடுத்தேன். சுழற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அப்படியே எம்ஆர்சி-5 (நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்ட்) மேல் ஊற்றினேன். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணி அதில் இருக்குமே, தளதளவென்று வளரும் என்று நினைத்தேன். மூன்று தடவையும் எம்டிடி (உயிருள்ள செல்களை நிறத்தால் மதிப்பிடும் சோதனை) அளவு கண்ட்ரோலை விடக் குறைவு. கைடு முகம் கொடுத்தே பேசுவதில்லை.

லேமினார்வாசி:
எடுத்த மீடியா என்ன நிறம்? கண்ட்ரோலுக்கு என்ன ஊற்றினீர்கள்?

பெட்ரித்தட்டு:
மஞ்சள், அண்ணா. கண்ட்ரோலுக்குப் புது மீடியா. இரண்டிலும் 10% சீரம்.

லேமினார்வாசி:
அப்படிச் சொல்லுங்க. குளுக்கோஸையும் குளுட்டமினையும் ஏ549 தின்றுவிட்டு லாக்டேட்டை மிச்சம் வைத்திருக்கிறது. அந்த எச்சிலை மட்டும் ஊற்றினால் எந்தச் செல் வளரும்? பாதிக்குப் பாதி புது மீடியா கலந்துகொள்ளுங்கள். செல் இல்லாத தட்டில் அதே 48 மணி நேரம் வைத்த மீடியாவையும் அதேபோல் கலந்து கண்ட்ரோலாக்குங்கள். சீரத்தை 0.5 சதவீதத்துக்கு இறக்குங்கள். அதிலிருக்கும் பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி ஒன்றே மற்றதையெல்லாம் மறைத்துவிடும். அப்புறம், எம்டிடி காட்டுவது செல்லின் வளர்சிதைமாற்றத்தை. டிரிப்சின் போட்டுச் செல்களைத் தட்டிலிருந்து பிரித்து எண்ணிப் பாருங்கள்.

நுரைப்பஞ்சு:
அதற்குப் பிறகும் குறைவாக வந்தால் பயப்படாதீர்கள் தோழி, அது தப்பாக இருக்காது. முழுசாக மூடிய எபிதீலியம் பொதுவாக ஃபைப்ரோபிளாஸ்டை அடக்கித்தான் வைக்கும். முக்கிய ஆயுதம் புரோஸ்டாகிளாண்டின் இ2: ஃபைப்ரோபிளாஸ்டின் இபி2 ஏற்பியில் உட்கார்ந்து செல்லுக்குள் சைகை கடத்தும் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும், பெருக்கம் குறையும். நீங்கள் நம்பிய டிஜிஎஃப்-பீட்டா பெரும்பாலும் பூட்டிய நிலையில்தான் வெளியே வரும். பூட்டைத் திறக்கும் ஆல்ஃபாவி-பீட்டா6 இன்டெக்ரின் எபிதீலியல் செல்லின் மேலேயே இருக்கிறது, வடித்த மீடியாவில் அது வராது.

எம்ஆர்சி-5 பக்கம் மட்டும், செல் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பதைத் தடுக்கும் இண்டோமெதசின் போட்டுப் பாருங்கள் (கரைக்கும் டிஎம்எஸ்ஓவுக்குத் தனிக் கண்ட்ரோல் வேண்டும்). ஏ549 பக்கம் போட்டால் மருந்தும் மீடியாவோடு கூடவே வந்து குழப்பும்.

பெட்ரித்தட்டு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். மீடியா கலந்து, கண்ட்ரோலை மாற்றி, எண்ணியும் பார்த்தேன். வித்தியாசம் பாதியாகச் சுருங்கியது, ஆனால் போகவில்லை. எம்ஆர்சி-5 பக்கம் இண்டோமெதசின் போட்டதும் எண்ணிக்கை கண்ட்ரோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! மீடியாவில் புரோஸ்டாகிளாண்டின் ஏற்கெனவே இருந்திருந்தால் இது நடந்திருக்கக் கூடாதே?

நுரைப்பஞ்சு:
சரியாகப் பிடித்தீர்கள். அப்படியென்றால் அதைத் தயாரிப்பது ஃபைப்ரோபிளாஸ்டே. எபிதீலியம் ஏதோ சொல்லித் தூண்டுகிறது. எனக்கு இன்டர்லூகின்-1 என்ற சைகைப் புரதத்தின் மேல்தான் சந்தேகம். அதன் ஏற்பியை மறிக்கும் ஐஎல்-1ஆர்ஏ போட்டுப் பாருங்கள்.

லேமினார்வாசி:
எம்ஆர்சி-5 இதுவரை எத்தனை தடவை பெருகி இரட்டித்திருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டேன். 42-46 தடவை வந்தால் அது தானாகவே சோர்ந்துவிடும்.

பெட்ரித்தட்டு:
செல் உறைய வைத்த குப்பியில் எழுதியிருந்த மை அழிந்துபோச்சு அண்ணா. புதுக் குப்பி எடுக்கிறேன்.