புதுப்பிப்பு: முத்து இனி இல்லை

சிறுநீரகம் கெட்டுப்போன எங்கள் பூனை முத்து எதையும் சாப்பிட மறுக்கிறான், என்ன கொடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். மீன் வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக வைக்கச் சொன்னீர்கள். கடைசிவரை அதை மட்டும்தான் நக்கிக் குடித்தான். சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை விடியற்காலை அம்மா மடியிலேயே போய்விட்டான்.

அப்பா தரையில் பேப்பரை விரித்ததும் நடுப்பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வான். இடது காதில் பழைய சண்டையில் விழுந்த கிழிசல். அப்பா அவனை எழுப்பவே மாட்டார், ஓரத்தில் தெரிகிற செய்தியைப் படித்துவிட்டு எழுந்துவிடுவார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்கிறார்.

வயசான பூனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால்வாசி கெட்ட பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் அதற்கு முன்பே காட்டிவிடும். அடிக்கடி தண்ணீர் குடிப்பது, நிறைய சிறுநீர் போவது, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுவது, இதில் எது தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வலி என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

உடனே ஒரு குட்டி எடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் இன்னொரு பூனை கறுப்பி இன்னும் அவன் படுத்த சாக்கை மோந்து மோந்து கத்துகிறாள். அவள் தேறட்டும், பிறகு பார்க்கலாம்.

முத்துவுக்கு ஏற்ற வாங்கிய ரிங்கர் லாக்டேட் என்ற சலைன் பாட்டில்கள் பிரிக்காமல் மிச்சமிருக்கின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால் கேளுங்கள், தருகிறேன்.