ஃபெய்ல் எத்தனை நூல்கள் சிறையிருந்தாள்?

நெய்தல்நிலவன்:
ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற மிகைக்கற்பனை நாவல் வரிசையில் தொய்வு என்று ஒன்று கிடையவே கிடையாது, அது பொறுமையற்ற வாசகர்கள் கட்டிவிட்ட கதை என்று வெண்கோபுரவாசி நேற்று இந்த மன்றத்தில் தீர்ப்பு எழுதியிருந்தார். அதைப் படித்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. 1990இல் தொடங்கி 14 நூல்களாக நீண்டு 2013 ஜனவரியில் முடிந்த ஒரு தொடரை, நூல்கள் வெளிவர வெளிவர வாங்கிப் படித்தவர்களைப் பார்த்துப் பொறுமையற்றவர்கள் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். அவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. எட்டாம் நூலான ‘தி பாத் ஆஃப் டாகர்ஸ்’ 1998 அக்டோபரில் வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில், முதன்மைப் பாத்திரங்களில் ஒருவனான பெரினின் மனைவி ஃபெய்லை, எதிரிக் குலமான ஷைடோ கூட்டத்தார் பிடித்துச் செல்கிறார்கள். அவள் மீட்கப்படுவது பதினொன்றாம் நூலான ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’ நூலில், 2005 அக்டோபரில். நான்கு நூல்கள், ஏழு ஆண்டுகள். ஒரு பெண்ணை மீட்பதற்கு நான்கு நூல்கள் எடுத்துக்கொண்டதைத் தொய்வு என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது?

வெண்கோபுரவாசி:
நான்கு நூல்கள் என்பது பொய். எட்டாம் நூலின் இறுதியில் அவள் பிடிபடுகிறாள். பதினொன்றாம் நூலில் மீட்கப்படுகிறாள். அவள் முழுக்கச் சிறையிருந்தவை ஒன்பதும் பத்துமாகிய இரண்டு நூல்கள் மட்டுமே. கணக்கில் இரண்டை நான்காக்கிவிட்டு அதன்மேல் எரிச்சலையும் ஏற்றிவைப்பது நெய்தல்நிலவன் அவர்களுக்குப் புதிதல்ல என்பதை இங்கே பலரும் அறிவார்கள்.

அந்த இரண்டு நூல்கள் எதற்காக என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. முதல் நூலிலேயே, ஓநாய்களோடு பேசும் எலையாஸ் பெரினிடம் சொல்கிறான்: இந்தக் கோடாலியை நீ வெறுக்கும்வரை வைத்திரு, வெறுப்பு நின்றுபோகும் நாளில் தூக்கி எறிந்துவிடு. அதைச் சொன்னது 1990இல். பத்தாம் நூலான ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’ வந்த 2003இல், மனைவி இருக்கும் இடத்தை அறிவதற்காகப் பெரின் ஷைடோ கைதி ஒருவனின் கையைத் தன் கோடாலியால் வெட்டுகிறான்; பிறகு அந்தக் கோடாலியைத் தானாகவே விட்டுவிட்டு நடக்கிறான். 13 ஆண்டுகளுக்கு முன் ஊன்றிய விதை அங்கே முளைக்கிறது. மனைவியைப் பறிகொடுத்த ஒருவன் நாள்பட நாள்படக் கல்லாகிப் போவதைக் காட்டாமல் அந்த இடத்தை எழுதியிருக்கவே முடியாது.

கூழாங்கல்:
நண்பர்களே, தொய்வு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டால் நல்லது என்று நினைக்கிறேன். கதை நகராமல் இருப்பதையா, ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் இடையே வாசகர் காத்திருப்பதையா, அல்லது பாத்திரங்கள் பெருகியதால் நமக்குப் பிடித்தவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுவதையா? மூன்றும் ஒன்றல்ல.

நெய்தல்நிலவன்:
நான்கு. திங்கட்கிழமை மாலை சிறைக்குள் போனவன் வியாழக்கிழமை காலை வெளியே வந்தால் அவன் வீட்டார் நான்கு நாளும் அழுதிருப்பார்கள். நடுவில் இருந்த செவ்வாயும் புதனும் மட்டும்தான் கணக்கு என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

கோடாலியைப் பற்றி வெண்கோபுரவாசி உருகி எழுதியிருக்கிறார். அந்தக் காட்சி நல்ல காட்சிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் அதே பத்தாம் நூலில் அந்தக் காட்சிக்கு முன்னால் பெரின் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை அவர் வசதியாக விட்டுவிட்டார். மனைவி எதிரியின் கூடாரத்தில் அடிமையாக இருக்கும்போது இவன் சோ ஹாபர் என்ற ஊருக்குத் தானியம் வாங்கப் போகிறான். அந்தத் தானியத்தில் வண்டு விழுந்திருக்கிறது. அதைப் புடைத்துச் சுத்தம் செய்யும் வேலையை நாமும் உட்கார்ந்து பார்க்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, கெட்டி அட்டைப் பதிப்புக்குக் காசு சேர்த்து, வண்டு புடைப்பதைப் படித்த அனுபவம் அவருக்கு உண்டா?

ஓநாய்க்கூட்டம்:
நான் 14 நூல்களையும் தொடர் முடிந்த பிறகுதான் படித்தேன். எனக்கு எந்த இடத்திலும் ஏழு ஆண்டுகள் தெரியவில்லை. கதைக்குள் ஃபெய்ல் சிறையிருந்தது சில வாரங்கள்தான். அவள் பிரிந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முடிச்சாகப் பெரின் ஒரு தோல்கயிற்றில் போட்டுக்கொண்டே வருகிறான். அந்த முடிச்சுகளைக் கணக்கெடுத்தாலே போதும். வெளியீட்டாளரின் நாட்காட்டியைக் கொண்டுவந்து கதையின்மேல் போட்டு அளப்பது நியாயமாகப் படவில்லை. சோ ஹாபரையும் நான் வேறு விதமாகத்தான் படித்தேன். தீமையின் தலைவனான இருளவன் நெருங்க நெருங்க உலகமே அழுகத் தொடங்குகிறது, செத்தவர்கள் தெருவில் நடமாடுகிறார்கள் என்பதைக் காட்டும் அத்தியாயங்கள் அவை.

நெய்தல்நிலவன்:
தம்பி, நீங்கள் முழு விருந்தும் பரிமாறிய பிறகு வந்து உட்கார்ந்தவர். கடைசி நூல் கையில் இருக்கும்போது பத்தாம் நூல் யாருக்கும் கனக்காது. எங்கள் கையில் 2003இல் இருந்தது பத்தாம் நூல் மட்டும்தான். அதைத் தொடர்ந்து 2004இல் பதினொன்றாம் நூல் வரும் என்று பார்த்தால் ‘நியூ ஸ்பிரிங்’ என்ற முன்கதை நூல் வந்தது. ஃபெய்ல் ஷைடோ முகாமில் இருக்க, ஆசிரியர் 20 ஆண்டுகளுக்கு முன்பு நடந்த கதையைச் சொல்லப் போய்விட்டார். அதையும் சேர்த்தால் ஐந்து நூல்கள். பெருந்தன்மையால் நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.

ஓநாய்க்கூட்டம்:
நான் தங்களுக்குத் தம்பி அல்ல. தொடரைத் தாமதமாகப் படித்தவரெல்லாம் வயதில் இளையவர் என்ற முடிவுக்கு எப்படி வந்தீர்கள்? எங்கள் ஊர் வாடகை நூலகத்தில் மூன்றாம் நூலும் ஆறாம் நூலும் மட்டும்தான் இருந்தன. விட்டுவிட்டுப் படிக்க மனமில்லாமல் தொடர் முடியட்டும் என்று நான் காத்திருந்தேன். அதுவும் காத்திருப்புதான்.

வெண்கோபுரவாசி:
இப்போது ஐந்தாகிவிட்டது. இன்னும் இரண்டு பதிவுகள் போனால் முதல் நூலிலிருந்தே ஃபெய்ல் சிறையில் இருந்தாள் என்று நிறுவிவிடுவார். (அவள் கதைக்குள் வருவதே மூன்றாம் நூலில்தான் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.) ‘நியூ ஸ்பிரிங்’ நூலில் இல்லாத ஒரு பெண் அந்த நூலிலும் சிறையிருந்தாள் என்று வாதிடும் ஒருவரோடு இலக்கியம் பேசுவது எப்படி?

இரண்டு என்று சொன்னதைக்கூட நான் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒன்பதாம் நூலான ‘விண்டர்ஸ் ஹார்ட்’ 2000இல் வந்தது. அதில் பெரின் தொடக்க அத்தியாயங்களோடு நின்றுவிடுகிறான். பிறகு அந்த நூல் முழுவதும் கதாநாயகன் ரேண்டும், பெரினின் நண்பன் மேட்டும், அரசகுமாரி எலேனும்தான். அப்படியானால் ஃபெய்லின் சிறை வாசகரை வதைத்த நூல் உண்மையில் பத்தாம் நூல் ஒன்றுதான். ஒன்று. ஜோர்டன் முதலிலிருந்தே இந்த முறையைக் கையாண்டு வந்தவர். மூன்றாம் நூலில் கதாநாயகன் ரேண்டையே பெரும்பாலும் கண்ணில் காட்டவில்லை. ஐந்தாம் நூலில் பெரின் அறவே இல்லை. எட்டாம் நூலில் மேட் இல்லை. மூன்றாம் நூலைக் கொண்டாடியவர்கள் எட்டாம் நூலில் அழுததற்குக் காரணம் நூல் அல்ல, அவர்களுடைய வயது.

நெய்தல்நிலவன்:
கவனியுங்கள், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஒன்பதாம் நூலில் பெரின் தொடக்கத்தோடு காணாமல் போகிறான் என்கிறார். அதாவது மனைவியைத் தேடும் கணவனையே ஆசிரியர் ஒரு நூல் முழுக்கத் தொலைத்துவிட்டார். ஆனாலும் அது சிறையில் சேராதாம். கண்ணில் காட்டாவிட்டால் அவள் விடுதலையாகிவிடுவாளா? நான்கு நூல்கள் என்று நான் சொன்னதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வடதிசைக்காவலன்:
நீங்கள் ஏழு ஆண்டுகளுக்காக இப்படி அடித்துக்கொள்வதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையைப் படிப்பவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதல் நூல் 1996இல் வந்தது. முதலில் மூன்று நூல்களாகத் திட்டமிட்டது ஏழாக வளர்ந்தது. ஐந்தாம் நூல் 2011 ஜூலையில் வந்தது; ஆறாம் நூல் வரவில்லை. நூல்களைப் பின்பற்றிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் அதே 2011இல் தொடங்கி, நூல்களை முந்திக்கொண்டு, 2019இல் முடிந்தே போய்விட்டது. 2015 முடிவதற்குள் எழுதிவிடலாம் என்று எண்ணியிருந்ததாகவும் அது நடக்கவில்லை என்றும் 2016 தொடக்கத்தில் மார்ட்டினே தன் வலைப்பதிவில் எழுதினார். அந்தக் கதையின் நாயகர்களில் ஒருவனான எங்கள் ஜான் ஸ்னோ பனியில் கத்திக்குத்துப் பட்டுக் கிடப்பது 2011இலிருந்து. ஃபெய்லுக்காவது விடுதலை கிடைத்தது.

வெண்கோபுரவாசி:
மார்ட்டின் வாசகர்கள் எந்த விவாதத்துக்குள்ளும் தங்கள் துயரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எழுதாமல் இருப்பவரையும் எழுதிக்கொண்டே இருந்தவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜோர்டன் 2006இல் தன் நோயை வெளிப்படையாக அறிவித்தார். 2007 செப்டம்பர் 16 அன்று 58 வயதில் காலமானார். அதற்குள் கடைசிக் காட்சியை எழுதிவைத்தார். மீதிக்குக் குறிப்புகளையும் விட்டுச் சென்றார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டூகல், பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து முடிக்கவைத்தார். ஒரே நூலாகத் திட்டமிட்டிருந்த இறுதிப் பகுதி 2009, 2010, 2013 என மூன்று நூல்களாக வந்தது. வாசகருக்குக் கொடுத்த வாக்கைச் சாவுக்குப் பிறகும் காப்பாற்றிய குடும்பம் அது. அப்படிப்பட்டவரைப் பார்த்துத் தொய்வு, வண்டு என்றெல்லாம் பேசுகிறார்கள்.

நெய்தல்நிலவன்:
இறந்த மனிதரை முன்னால் நிறுத்தி அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நல்ல வாதமல்ல. அவர் இறந்ததற்காக நானும்தான் அழுதேன். அதனால் பத்தாம் நூல் நன்றாகிவிடுமா? அந்த நூல் தொடங்குவதே ஒன்பதாம் நூல் முடிந்த அதே நாளில்தான். ஆண்கள் கையாளும் மந்திர ஆற்றலான சைடினைத் தூய்மைப்படுத்தும் மாபெரும் நிகழ்வோடு ஒன்பது முடிகிறது. பத்தாம் நூலில் ஆளாளுக்கு எங்கோ தொலைவில் ஏதோ பெரிய சக்தி எரிகிறதே என்று திரும்பிப் பார்க்கிறார்கள். மீண்டும் ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். மீண்டும் இன்னொருவர். ரேண்ட் அபூர்வமாகத்தான் தலைகாட்டுகிறான். எலேன் குளிக்கிறாள்.

வெண்கோபுரவாசி:
குளியலைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். நூறு பக்கம் போர் எழுதினால் ஒருவருக்கும் அலுப்பதில்லை. ஒரு பெண் தன் அரியணைக்காகக் கேம்லின் நகர முற்றுகைக்குள் இருந்துகொண்டு குடும்பங்களின் ஆதரவைத் திரட்டினால் அது தொய்வு. நைனீவ் என்ற இன்னொரு பெண் தன் பின்னலை இழுத்தால் பத்து ஆண்டுகளுக்குக் கேலி. இதே நெய்தல்நிலவன் சென்ற ஆண்டு ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ விவாதத்தில், சாண்டர்சன் எழுதிய மேட் மேட்டே அல்ல, ஜோர்டனின் நிதானம் சாண்டர்சனிடம் இல்லை என்று கண்ணீர் விட்டவர். அன்று நிதானம் வேண்டியிருந்தது. இன்று வேகம் வேண்டியிருக்கிறது.

நெய்தல்நிலவன்:
அந்த விவாதத்தை அம்மையார் இன்னும் மறக்கவில்லை என்பது தெரிகிறது. மேட்டின் நகைச்சுவை வேறு. பெரினின் தானியம் வேறு. இதையும் விளக்க வேண்டியிருப்பது என் தலையெழுத்து.

வெண்கோபுரவாசி:
‘அம்மையார்’ என்பதை மரியாதைக்காக எழுதினீர்களா, எகத்தாளத்துக்காக எழுதினீர்களா என்பது வரியின் தொனியிலேயே தெரிகிறது. பெயர் இருக்கிறது, அதைச் சொல்லி அழையுங்கள்.

கூழாங்கல்:
தொய்வு என்பதை வரையறுக்கலாம் என்று சொல்லியிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை போலும்.

ஓநாய்க்கூட்டம்:
பெரின் பாத்திரத்தின்மேல் இவ்வளவு வன்மம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தொலைக்காட்சித் தொடர் எடுத்தவர்கள் 2021இல் என்ன செய்தார்கள் தெரியுமல்லவா? நூலில் இல்லாத ஒரு மனைவியை அவனுக்கு உண்டாக்கி, முதல் அத்தியாயத்திலேயே அவன் கோடாலியால் அவளைக் கொல்லவைத்தார்கள். கோடாலியின்மேல் அவனுக்கு வெறுப்பு வர வேண்டும், அது சீக்கிரம் வர வேண்டும் என்ற அவசரம். ஜோர்டன் பத்து நூல்களில் செய்ததைப் பத்து நிமிடத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டுத் தேவையில்லை. அந்தத் தொடரும் மூன்றாம் பருவத்தோடு 2025இல் நின்றுபோயிற்று.

வெண்கோபுரவாசி:
மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். நான் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருவது இதைத்தான். சிறை இல்லாமல் கோடாலி இல்லை; கோடாலியை விடாமல், பின்னால் அவன் தன் கையால் அடித்து உருவாக்கும் சம்மட்டி இல்லை. அதற்கு இரண்டு நூல்கள் அதிகமென்றால், இருநூறு பக்கத்தில் முடியும் நூல்கள் கடைகளில் ஏராளமாக இருக்கின்றன. நெய்தல்நிலவன் அவற்றை வாங்கிக்கொள்ளலாம்.

நெய்தல்நிலவன்:
கோடாலியை விட்டது பத்தாம் நூலில். அதை நானும் ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியென்றால் பத்தாம் நூலிலேயே அவளை மீட்டிருக்கலாமே? கோடாலி போன பிறகும் அவள் ஏன் உள்ளேயே இருந்தாள்? கடல்கடந்து வந்த ஷான்சான் பேரரசுப் படையோடு உடன்பாடு, அவள் சிறையிருந்த மால்டன் நகரின் தண்ணீரில் மூலிகை கலந்து ஷைடோ மந்திரப் பெண்களை மயக்குவது, எல்லாம் பதினொன்றில்தானே நடக்கிறது? அவ்வளவையும் அந்த ஒரே நூலில், அதுவும் மேட்டின் திருமணத்தோடும் எலேனின் அரியணையோடும் சேர்த்து, விறுவிறுவென்று முடிக்க ஜோர்டனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் பத்தாம் நூலில் ஏன் வண்டு புடைத்தார் என்பதுதான் என் கேள்வி. நான்கு நூல்கள்.

வடதிசைக்காவலன்:
ஐந்தாம் நூலிலிருந்து ஆறாம் நூலுக்கு நாங்கள் காத்திருக்கும் காலத்தில் உங்கள் ஃபெய்லை இரண்டு முறை பிடித்து இரண்டு முறை மீட்டிருக்கலாம்.

வெண்கோபுரவாசி:
இரண்டு நூல்கள். பத்தாம் நூலில் சோ ஹாபர் அத்தியாயங்கள் எத்தனை, ஃபெய்லின் பார்வையில் வரும் பகுதிகள் எத்தனை, எட்டாம் நூலில் அவள் பிடிபட்ட பிறகு மிஞ்சும் வரிகள் எத்தனை என்று நாளை பக்க எண்களோடு பட்டியல் போடுகிறேன். எட்டாம் நூலில் மிஞ்சுவதை ஒரு நூல் என்று கணக்கிடுபவர் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் தனி அட்டை போட்டு விற்கலாம்.

நெய்தல்நிலவன்:
பட்டியல் வரட்டும். ஆனால் எந்தப் பதிப்பின் பக்க எண்கள்? என்னிடம் இருப்பவை பிரிட்டனில் ஆர்பிட் வெளியிட்டவை. அமெரிக்கப் பதிப்பின் எண்களைக் கொண்டுவந்து குறைத்துக் காட்டும் வேலை இங்கே செல்லாது.