கலைச்சொல்: ‘ஃபிளெக்சிபிள் ஸ்டுடியோ’வுக்கு நெகிழ்வுக்கூடமா, மாறுகூடமா?

வணக்கம். கலைக் கல்லூரி ஒன்றின் கட்டடத் திட்ட அறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் வகுப்பு, மாலையில் ஓவியப் பயிற்சி, ஆண்டு முடிவில் கண்காட்சி என எல்லாவற்றுக்கும் ஆகிற இடத்தை ‘ஃபிளெக்சிபிள் ஸ்டுடியோ’ என்கிறார்கள். ‘நெகிழ்வுக்கூடம்’ என்று போட்டிருக்கிறேன். அச்சுக்கலை, மட்கலை உட்பட எல்லாத் துறைகளுக்கும் இதையே வைக்கலாமா?

*

வணக்கம் ஐயா.

‘நெகிழ்வு’ எனக்கு ஒட்டவில்லை. நெகிழி என்றால் பிளாஸ்டிக் என்று பழகிவிட்ட பிறகு, நெகிழ்வுக்கூடம் என்றதும் வளைகிற சுவர்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ‘பல்நோக்குக் கூடம்’ ஏற்கெனவே மேடையும் நாற்காலி வரிசையுமாக வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

‘மாறுகூடம்’ என்று வைத்துப் பாருங்கள். வினைத்தொகை, மாறிய, மாறுகின்ற, மாறும் மூன்றும் உள்ளே அடக்கம். ‘மாற்றுக்கூடம்’ ஆக்கிவிடாதீர்கள், அது ஒன்றுக்குப் பதிலான இன்னொரு கூடமாகிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். சூளையை எங்கே நகர்த்துவது? அதற்குப் புகைபோக்கியும் தனி மின்தடமும் வேண்டும். மட்கலை அறையில் கை கழுவும் தொட்டிக்கு அடியில் களிமண் படிந்து தங்க ஒரு பெட்டி இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். காய்ந்த களிமண் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் தரையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். அச்சுக்கலையில் தகட்டை அமிலத்தில் அரிக்கவிடும் இடத்துக்கு ஆவியை இழுத்து வெளியேற்றும் அமைப்பு கட்டாயம். அச்சு இயந்திரத்தின் எடையைத் தரை தாங்க வேண்டும். இவற்றை ‘நிலைப்பட்டறை’ என்று பிரித்துவிடுங்கள். இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால்தான் வரைபடம் போடுபவருக்கு எதை எங்கே ஊன்ற வேண்டும் என்று விளங்கும்.

ஜெர்மனியின் தெசா நகரில் 1926இல் திறந்த பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளிக் கட்டடத்தில் பட்டறைகளுக்கென்றே ஒரு தனிப்பகுதி. அதே கட்டடத்தில் அரங்கு, மேடை, உணவுக்கூடம் மூன்றையும் மடக்குக் கதவுகளைத் திறந்து ஒரே வெளியாக்கிவிடலாம். சிகாகோவில் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1956இல் முடித்த கிரவுன் ஹால் என்ற கட்டடக்கலைக் கல்லூரிக் கட்டடத்தில் 220க்கு 120 அடிப் பரப்பில் நடுவே ஒரு தூண்கூட இல்லை, கூரை மேலேயுள்ள நான்கு பெரிய உத்தரங்களிலிருந்து தொங்குகிறது. ஆனால் பட்டறைகளும் மூடிய அறைகளும் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டன. திறந்தவெளியை அவ்வளவு நேசித்தவரே அப்படித்தான் செய்திருக்கிறார்!

அப்புறம், அறிக்கையில் வைப்பறை பற்றி ஒரு வரியும் தென்படவில்லை. மாறுகூடம் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்கில் ஆகும். அடுத்த வகுப்புக்கு இடம் ஒழிக்கச் சொன்னால் மாணவர் அந்த ஈர ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? படச்சட்டங்களைச் செங்குத்தாகச் செருகும் அடுக்கு, மடக்கு நாற்காலி, ஓவியத் தாங்கி எல்லாம் கூடத்தை ஒட்டியே இருக்க வேண்டும். மாடியில் வைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், ஒரு பருவத்துக்குள் கூடம் ஒரே வேலைக்கு உறைந்துவிடும். சுவர் ஆணி தாங்கட்டும், மின்செருகிகள் கூரையிலிருந்து இறங்கட்டும். இதெல்லாம் சேர்ந்ததுதான் மாறுகூடம் என்று வரையறையிலேயே எழுதிவிடலாம்.

*

நன்றி. மாறுகூடம், நிலைப்பட்டறை இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். வைப்பறையை மறந்தது உண்மைதான், பரப்பளவுப் பட்டியலில் சேர்த்துவிட்டேன். சக்கரம் வைத்த தடுப்புச் சுவருக்கு ‘நகர்தடுப்பு’ என்று எழுதலாமா? ‘உருள்தடுப்பு’ என்று ஒருவர் தனியே சொல்கிறார். எனக்கு அதைக் கேட்டால் ஏதோ உருண்டுவிடாமல் தடுப்பது போல இருக்கிறது.