மண்ணைத் திருத்துவதா, தேற்றுவதா?

பொகவந்தலாவை, திங்கள்:

மடற்குழுவில் எல்லோருக்கும் வணக்கம். மாணிக்கக் குழி மூடிய இடங்களில் மரக்கறி போடும் குடும்பங்களுக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘சொயில் அமெண்ட்மென்ட்’டுக்கு ஒரு சொல் தாருங்கள்.

உரம் என்று எழுதினால் யூரியா மூட்டையோடு வந்து நிற்பார்கள். குழியை மூடும்போது மேல்மண் அடியில் போய்விடுகிறது. அடியில் கிடந்த களியும் வெள்ளைப் பரலும் மேலே வந்துவிடுகின்றன. நேற்று ஒரு பாத்தியைக் கிளறினேன். மேலே ஓடு மாதிரிக் காய்ந்திருந்தது. அரை அடி கீழே சட்டி வனையலாம், அவ்வளவு களி. பயிருக்குத் தீனி போடுவதெல்லாம் அப்புறம், முதலில் மண்ணே மாற வேண்டும். அதற்குத்தான் டொலமைட் (மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தைக் குறைக்கும் கல்தூள்), கூட்டெரு, உமிக்கரி. மூன்றுக்கும் பொதுப்பெயர் என்ன?

பண்டாரவளை:

மண் திருத்தி. கேட்டவுடன் புரியும். பாடநூலில் இயற்கை உரத்துக்கு உள்ள ‘சேதனப் பசளை’ பக்கம் போகாதீர்கள். எங்கள் லயத்தில், தோட்டக் குடியிருப்பில், பசளை என்றால் கீரை.

கண்டி:

மாஸ்டர், இலங்கையில் திருத்தம் என்றாலே அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம்தான் நினைவுக்கு வருகிறது. மண்ணையும் சேர்த்தால் 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டம் மாதிரி இருக்கிறது! ‘காடு திருத்தி’ என்றால் வெட்டிச் சாய்ப்பது வேறு.

மாத்தளை:

காய்ச்சலில் கிடந்த பிள்ளையை ‘உடம்பு தேறிட்டுது’ என்கிறோம். இந்த மண்ணும் நோயாளிதான். தேறு தன்வினை, தேற்று பிறவினை. ஆகவே மண்தேற்றி. கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் தேற்றாங்கொட்டையும் இந்தக் குடும்பம்தான். இன்னொரு அதிசயம் கேளுங்கள்: கலித்தொகையில் தேற்றா மரத்துக்குப் பெயர் ‘இல்லம்’. குழியில் மாணிக்கம் கிடக்கும் பரல் படுகைக்கு நம் ஆட்கள் சொல்வதும் இல்லம்!

கண்டி:

டீச்சர், குழியில் சொல்கிற இல்லம் சிங்கள ‘இல்லம’. மரத்துக்கும் அதற்கும் என்ன உறவு?

மாத்தளை:

உறவு என்று நான் சொன்னேனா? அதிசயம் என்றேன்.

பண்டாரவளை:

இலக்கணம் பேசுவதென்றால் முழுதாகப் பேசுவோம். மண் + குடம் மட்குடம். நன்னூல்படி போனால் மண் + தேற்றி மட்டேற்றி. மட்டத்தை ஏற்றுகிற இயந்திரம் என்றுதான் நினைப்பார்கள்.

மாத்தளை:

அப்படியானால் உங்களுடையது மட்டிருத்தி, மாஸ்டர். குழி மூடுகிற இடத்தில் மட்டம் ஏறினால் நல்லதுதானே?

ஹட்டன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், தோட்டத்தில் வேலை செய்கிறவன். பழைய தேயிலையைப் பிடுங்கினால் ஒன்றரை, இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு மண்ணை ஆற விடுகிறோம். அந்தப் புல்லும் திருத்தியா? இன்னொன்று. எந்தப் பெயர் வைத்தாலும் சரி, தேயிலைப் பக்கம் டொலமைட்டை அள்ளிக் கொட்ட வேண்டாம் என்று கையேட்டில் எழுதுங்கள். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும், பீஎச் 4.5க்கும் 5.5க்கும் நடுவில். கோவாவுக்கு, அதாவது முட்டைக்கோசுக்கு, 6க்கு மேல் இருந்தால் நல்லது. ஒரே சாக்கு, ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு வில்லங்கம்.

பொகவந்தலாவை, வியாழன் இரவு:

அண்ணே, அந்த எச்சரிக்கையைக் கட்டம் போட்டுச் சேர்த்துவிட்டேன். புல்லை நட்டு வளர்க்கிறோம், கொண்டுவந்து கலப்பதில்லை. அதனால் அதற்குத் தனி அத்தியாயம். தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன்: திருத்திக்கு ஐந்து, தேற்றிக்கு இரண்டு. மற்றவர்கள் களைத்துப் போய்விட்டார்கள் போல. ‘மண் திருத்தி’ என்றே அச்சுக்குப் போகிறது, புணர்ச்சி இல்லாமல், இடைவெளி விட்டு. லீக்ஸ் போடும் என் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். “அது என்னா திருத்தி? டொலமைட்டுன்னு எழுது” என்றார்.

மாத்தளை:

அச்சில் என்னவோ போடுங்கள். திங்கட்கிழமை என் வகுப்பில் கரும்பலகையில் ‘மண்தேற்றி’தான்.